என் பெயரில் ஓடிய ஓட்டம்

உலகம்மை துணை

ஆறாம் வளையம், பணிக்குறிப்பு
ஆவணி 3, காலை 7.15, தென்காசி நேரம்

இன்று வளையத்தில் இருப்பவர்கள் மூன்று பேர். பிரமநாயகம், பனிக்கட்டி உருக்கும் ஆலையின் பொறுப்பாளர், என் வீட்டுக்காரர். இதயராஜ், பாறை துளைக்கிறவர், தூத்துக்குடிக்காரர். மூன்றாவது செண்பகவடிவு ஆகிய நான். கம்பெனிப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘உடன் வசிப்பவர்’ என்று போட்டிருக்கிறது. சரக்குக் கப்பலில் வந்த இருவர் நேற்று மதியம் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மூன்று வேளையும் இருமிக்கொண்டே சாப்பிட்டார். சுவருக்குள் இருக்கும் தாதியை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை. அது எங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம்.

இந்தக் குறிப்பை எழுத வேண்டியவர் இதயராஜ். அவருக்கு எழுத்து என்றாலே அலுப்பு. எனக்குக் கணக்கு எழுதாமல் அடுப்பு மூட்டிப் பழக்கமில்லை. ஆலையின் கையேட்டை அரிசி களைகிற நேரத்தில் வைத்துப் படித்துப் படித்து, எந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதனால் இந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

தண்ணீர் நிறைவு. காற்று சரி. கீரைத் தட்டுகளில் பூச்சி இல்லை. வந்த சரக்கில் துவரம்பருப்பு குறைவு, எழுதி அனுப்பியாயிற்று. ஓட்டம்: மூவரும் ஓடினோம்.

அதே நாள், மாலை 5.40

பிற்பாடு யாராவது இதை எடுத்துப் படித்தால், ஓட்டம் என்றால் என்ன என்று கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒரு பெரிய சக்கரம். பனிக்கட்டிக் கல் ஒன்றின் பக்கத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிற வேகத்தில்தான் கால் ஓரத்தில் ஒட்டுகிறது. தலை, நடுவில் இருக்கும் அச்சைப் பார்த்து இருக்கும். ஏணியில் அச்சுக்கு ஏறிப் போனால் பாரமே இல்லை, மிதக்கலாம். ஓரத்திலும் ஊர்ப் பாரத்தில் பாதிகூட வராது. அப்படியே விட்டால் எலும்பு உளுத்துப்போகும். ஆகவே நாள்தோறும் எல்லோரும் சக்கரத்தைச் சுற்றி ஓட வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை. அது நாடியையும் ஓட்டத்தையும் தாதிக்குச் சொல்லும், தாதி கம்பெனிக்குச் சொல்லும். ஓட்டக் கணக்கு குறைந்தவருக்குத் தை மாதத்துத் திரும்பும் கப்பலில் இடம் கிடையாது. அடுத்த கப்பல் இரண்டு வருஷம் கழித்து.

நான் ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மன் பெயரையே வைத்த என் மகள் உலகம்மைக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. ஒரு மண்டலம், தினம் இருபத்தேழு சுற்று என்று அம்மனிடம் நேர்ந்திருக்கிறேன். அச்சில் அம்மன் படத்தை ஒட்டிவைத்திருக்கிறேன். அதனால் நான் ஓடுகிற ஓட்டமெல்லாம் பிரதட்சிணம்.

இதயராஜ் இதைக் கேட்டுவிட்டு, “மதினி, சாமி உங்க தலைக்கு மேல இருக்காங்க. அங்க வலமும் கிடையாது, இடமும் கிடையாது. நீங்க எந்தப் பக்கம் ஓடினாலும் அவங்களுக்குக் கிறுகிறுன்னுதான் வரும்” என்றார்.

அது நானும் யோசித்த சங்கதிதான். சக்கரம் சுற்றுகிற பக்கமாகவே ஓடினால் பாரம் கூடும், காலை எடுத்து வைப்பதே பாடு. எதிர்ப்பக்கம் ஓடினால் பஞ்சு மாதிரி இருக்கும். இதயராஜ் எப்போதும் பஞ்சுப் பக்கம். நான் பாரமான பக்கம்தான் அம்மனுக்கு என்று வைத்துக்கொண்டேன். சுலபமாக ஓடிவிட்டு எதைக் கேட்பது?

ஆவணி 5, காலை 9.00

எனக்குக் காய்ச்சல். தொண்டை வலி, முழங்கால் குடைச்சல். ஓடினேன். பாதியில் கண் இருட்டியது. இருபத்தேழையும் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். தாதி நிலாவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சேதி அனுப்பிவிட்டது. சேதி போக அரை மணி, வர அரை மணி.

கீரை பறிக்கவில்லை. இவரே ரசம் வைத்தார். புளி அதிகம்.

ஆவணி 5, காலை 11.20

டாக்டர் மெஹருன்னிசாவின் பதில், கேட்டபடி எழுதுகிறேன்:

“வடிவம்மா, இந்தக் காய்ச்சல் அந்தக் கப்பல்ல வந்தது. இன்னும் ரெண்டு வளையத்துல இருக்கு. ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா காய்ச்சலோட ஓடினா இது இதயத் தசையில போய் இறங்கும். அப்படி இறங்கிட்டா நான் இங்க உக்காந்து ஒண்ணும் பண்ண முடியாது. பதினாலு நாள் ஓட்டம் கூடாது. வேகமா நடக்கவும் கூடாது. விலக்கு வேணும்னு கம்பெனிக்கு நானே எழுதுறேன். உங்க வீட்டுல வேற யாருக்காவது சுட்டா அவங்களும் படுத்துடணும்.”

விலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் சுருங்கியது. போன வருஷம் நாலாம் வளையத்தில் ஒரு பெண் விலக்கு வாங்கினாள். விலக்கையும் கொடுத்து, அவள் இடத்தைத் தூக்கி அடுத்த கப்பலுக்கும் போட்டுவிட்டார்கள். பங்குனியில் கால் பிசகிப் படுத்ததில் என் கணக்கு ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது. இவர் கணக்கில் மிச்சமே கிடக்கிறது. இளவட்டம் மாதிரி ஓடுகிறவர்.

ஆவணி 6, மதியம் 2.10

படுத்திருக்கிறேன். படுக்கத் தெரியவில்லை.

காய்ச்சல்கூடப் பரவாயில்லை. இந்தக் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போர்வைக்குள் பாதம் தானாக ஆடுகிறது. அந்த நேரம் வந்தால் உள்ளங்கால் அரிக்கிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், ஒரு சிரமமும் தெரிந்ததில்லை. ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்கு யாரும் எனக்குப் பழக்கிவிடவில்லை.

மனத்துக்குள் ஓடிப் பார்த்தேன். ஆறாவது சுற்றில் அடுப்பில் பால் வைத்த நினைப்பு வந்தது. பால் வைக்கவே இல்லை.

மண்டலம் நடுவில் முறிகிறது. அதைத்தான் இவரிடம் சொன்னேன். மகளுக்கு ஏழாம் மாதம். இப்போது போய் நிறுத்தினால் எப்படி என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் நேர்ந்துகொண்டதை, முடியாமல் போனால் வீட்டில் இன்னொருவர் செய்து முடிக்கலாம். புருஷனுக்காகப் பெண்டாட்டி தீச்சட்டி எடுப்பாள், தாய்க்காகப் பிள்ளை மொட்டை போடுவான். அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

இவர் சிரித்துக்கொண்டே, “ஏளா, நீ படுத்துக்கிட்டே ஓடு, நான் ஓடிக்கிட்டே படுக்கேன். உன் இருபத்தேழையும் நான் பாத்துக்கிடுதேன், போதுமா?” என்றார். பாரமான பக்கமாகத்தான் ஓட வேண்டும் என்று சொன்னேன். அதையும் நானேதான் சொன்னேன்.

மாத்திரை கொடுக்கும்போது என் கைப்பட்டை தளர்ந்திருக்கிறது என்று கழற்றி, மறுபடி கட்டிவிட்டார்.

ஆவணி 8, மாலை 4.30

காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

இங்கே தரை இரும்பு. யார் ஓடினாலும் படுக்கைக்கு அடியில் கேட்கும். இவர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். தூரத்தில் கிளம்பி, தலைமாட்டுக்கு வந்து, கால்மாட்டைத் தாண்டிப் போகும் சத்தம். ஒவ்வொரு தடவையும் ‘தாயே உலகம்மை’ என்று சொல்லிக்கொண்டேன். கடைசிச் சுற்றுகள் வர நேரமானது. இடையில் ஒரு தடவை நின்றது. பிறகு வந்தது.

வந்தவரிடம் இருமல் இருக்கிறதே என்றேன். உன் ரசத்தைக் குடிக்காத குறை என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஓடிவந்த சூடு என்றார். ஓடினால் சூடு வரும்தான்.

விலக்கு பற்றி கம்பெனியிலிருந்து பதில் இல்லை.

ஆவணி 10, காலை 10.00

இதயராஜுக்கும் காய்ச்சல். டாக்டர் சொன்னபடி அவர் ஓடாமல் படுத்துவிட்டார். இரண்டு நாள் லீவு கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருக்கிறார். இரண்டு தரம் கஞ்சி கேட்டார், ஊறுகாயும் கேட்டார்.

ஆலையில் பனி உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே போய்த் தட்டிவிட வேண்டும். வழக்கமாகப் போகிறவர் இதயராஜ். அவர் போக முடியாது. இவர் போகலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று. ஆவணி 12 மாலை ஆறு மணிக்கு எங்களுக்கும் நிலாவுக்கும் நடுவே சூரியன் வந்துவிடும். பதினேழு நாளைக்குப் பேச்சு கிடையாது. இப்போதே சேதிகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. கேட்க வேண்டியதை எல்லாம் அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

ஆவணி 11, காலை 8.20

ஒரு சின்ன விஷயம். எழுதிவைக்கிறேன்.

காலையில் அறையில் தனியாகப் படுத்திருந்தேன். தாதி பேசியது: “பிரமநாயகம், உங்கள் காய்ச்சல் நீங்கிவிட்டது. தண்ணீர் நிறைய அருந்துங்கள்.”

இவர்தான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இவர் ஆலையில் இருந்தார். இவருக்குக் காய்ச்சல் எப்போது வந்தது, எப்போது நீங்கியது? கேட்டதற்கு, இயந்திரத்துக்கும் காய்ச்சல் வந்திருக்கும் என்றார். எனக்கும் தலை கனமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆவணி 12, காலை 11.30

ஆஸ்பத்திரியிலிருந்து அனுமதி வந்தது. பிரமநாயகத்துக்கு லேசான காய்ச்சல் வந்து போயிருக்கிறது, ஒரு வாரமாக ஓடாமல் நல்ல ஓய்வு எடுத்திருக்கிறார், இதயம் சுத்தமாக இருக்கிறது, வெளியே போகலாம் என்று தாதி திரையில் காட்டியது. நான் அடுக்களையில் இருந்தேன். அப்போது திரையைப் பார்த்தவர் இவர் மட்டும்; முழுச் சேதியை நான் பிற்பாடுதான் பார்த்து இங்கே சேர்த்தேன். ‘போகலாம்’ என்ற சொல்லை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டு உடுப்பு மாட்டப் போய்விட்டார்.

குழாய் வேலை மூன்று மணி நேரம் ஆகும் என்றார்.

ஆவணி 12, மதியம் 2.20

இன்னொரு சேதி. இது என் பெயருக்கு.

“வடிவம்மா, ஓடக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனே. ஒரு நாள் விடாம ஓடியிருக்கீங்க. அதுவும் காய்ச்சலோட. உங்க நாடி ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் ஆகியும் அடங்கல. நடுநடுவே துடிப்பு தவறுது. நான் பயந்த மாதிரியே இதயத்துல இறங்கியிருக்கு. அசையாம படுங்க. எதையும் தூக்காதீங்க, ஏணி ஏறாதீங்க. நெஞ்சு அடைச்சா போடறதுக்கு ஒரு ஊசியை உங்க பேருக்குத் திறந்துவிடச் சொல்லியிருக்கேன். அளவு உங்க எடைக்குப் போட்டிருக்கு.”

சொன்னபடியே படுத்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, சீராக. மூச்சு இழுத்துப் பார்த்தேன். வலியில்லை. டாக்டர் சொன்ன பிறகு நான் ஓடவே இல்லையே. ஒரு நாள்கூட ஓடவில்லை. படுத்துக்கொண்டே ஓடு என்றார். படுத்துக்கொண்டுதானே இருந்தேன்.

பட்டையைக் கழற்றி உட்புறம் பார்த்தேன். பெயர் பொறித்திருக்கும்.

பிரமநாயகம்.

2.30

வெளியே இருக்கிற இவரை வானொலியில் கூப்பிட்டேன். நடந்த பேச்சை எழுதுகிறேன். கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். டாக்டருக்கு வேண்டியிருக்கும்.

நான் கேட்டேன்: “என் பட்டை உங்க கையில இருக்கா?”

இவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

“கண்டுபிடிச்சிட்டியா? ஏளா, என் கணக்குல மிச்சம் கிடக்கு. உன் கணக்குல ஒண்ணுமில்ல. எப்படியும் உன் நேர்ச்சைக்கு ஓடுதேன், அந்த ஓட்டம் உன் பேருலயே ஏறிட்டுப் போகட்டுமே. தை மாசம் உன்ன இங்க விட்டுட்டு நான் மட்டும் போயிப் பேரப்பிள்ளையத் தூக்கவா?”

“உங்களுக்கு எப்பலேர்ந்து காய்ச்சல்?”

“அது என்ன, லேசாத்தான். நாலஞ்சு நாளா. இப்ப விட்டிருச்சி.”

டாக்டர் சொன்னதை முழுதாகப் படித்துக் காட்டினேன். என் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அவர் பெயரைப் போட்டுப் படித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, குழாயில் ஒரு திருகுமறை மட்டும் பாக்கி இருக்கிறது, முடுக்கிவிட்டு வருகிறேன் என்றார். மறையும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், ஓடாமல், கையை அசைக்காமல், கயிறு இழுக்கிற இழுப்பில் வாருங்கள் என்றேன். இதயராஜ் காய்ச்சலோடு எழுந்து வந்து கயிற்றுச் சக்கரத்தின் விசையைப் போட்டார்.

2.50

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சேதி: என் பெயரில் வந்த நாடி முழுவதும் பிரமநாயகத்தினுடையது. அவர் பெயரில் வந்தது என்னுடையது. ஆவணி 6 மதியத்திலிருந்து மாறியிருக்கிறது. ஓடியவர் அவர், பாரமான பக்கமாக. இப்போது வெளியே இருக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இது போய்ச் சேர 3.20 ஆகும். உடனே பேசினாலும் பதில் இங்கே வர 3.50.

3.05

அச்சில் இருக்கும் காற்றறை வழியாக உள்ளே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றினேன். சிரித்தார். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கிறது. நாடி பார்த்தேன். நாலு அடி அடித்து நிற்கிறது, இரண்டு அடி, பிறகு ஓட்டமாக ஓடுகிறது. படுத்தே இருக்கிறார், அது மட்டும் ஓடுகிறது.

கீழே படுக்கைக்குக் கொண்டுபோகலாம் என்று ஏணியில் இறக்கினோம். நாலைந்து படி இறங்கி பாரம் ஏற ஆரம்பித்ததும் மூச்சு விசில் மாதிரி ஆகி, கண் மேலே போய்விட்டது. உடனே மேலே தூக்கிவிட்டோம். மிதக்க விட்டதும் கண் திறந்தார். அச்சில் ஒரு கம்பியில் என் சேலையைக் கட்டி, அதில் அவரைத் தொட்டில் மாதிரி கட்டிவைத்திருக்கிறேன்.

மேலே வைத்திருப்பது நல்லதா, கெட்டதா தெரியவில்லை. கையேட்டில் பார்த்தேன். எலும்பு பற்றி இருக்கிறது. இதயம் பற்றி, மருத்துவரைக் கேட்கவும் என்று இருக்கிறது.

3.30

சேதி வந்தது. துண்டு துண்டாக:

“…வடிவம்மா… நாடி ரொம்ப மோசம்… செண்பகவடிவுக்கு அந்த ஊசியை உடனே… பிரமநாயகத்தைப் போடச் சொல்லுங்க… தாமதிக்காதீங்க…”

இதயராஜ் ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் போட்டுவிடலாம், துடிப்பு அவருடையதுதானே என்றார். நான் நிறுத்தினேன். இப்போது வந்தது, என் சேதி போய்ச் சேருவதற்கு முன்பே அவர்கள் பேசியது. அவர்கள் மனத்தில் படுத்திருப்பவள் நான். ஐம்பத்தோரு கிலோ. இவர் எழுபத்தெட்டு. இவருக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு, எனக்குக் கிடையாது. அந்த ஊசி எனக்கு அளந்தது. அவருக்கு அது பத்தாதா, அதிகமா, ஆகவே ஆகாதா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்து இவர் உயிரோடு விளையாட மாட்டேன்.

போடாமல் இருப்பதும் விளையாட்டாக இருக்குமோ. அதுவும் தெரியாது.

ஊசி என் மடியில் இருக்கிறது.

3.55

பதில் வரவில்லை. இரைச்சல் மட்டும்.

அவர் கண் விழித்தார். அம்மன் படம் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். “இன்னைக்கு இருபத்தேழு ஓடலயே வடிவு” என்றார். கட்டை அவிழ்க்கக் கை வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே இருந்து இதயராஜ் வானொலியில், “மதினி, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தான். ஆனாலும் சொன்னா ஓடிருதேன். அம்மா கோச்சுக்கிட மாட்டாங்கன்னா, இன்னைக்கு நான் ஓடுதேன். பாரமான பக்கமே ஓடுதேன்” என்றார். காய்ச்சலில் பல் தட்டுவது எனக்குக் கேட்டது.

யாரும் ஓடக் கூடாது என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். என் பிள்ளைக்காக நான் கேட்டது. கேட்ட வாய் இதுதான். நிறுத்துனேன்னு இந்த வாய்தான் சொல்லணும். நீங்க படுங்க.”

சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்து, சத்தமாகவே. தாயே, மண்டலம் முடியவில்லை. நான் நிறுத்துகிறேன். குறை என்றால் என் தலையில் வை. என் மகள் தலையில் வேண்டாம், இவர் நெஞ்சில் வேண்டாம். அவ்வளவுதான். கற்பூரம் ஏற்ற இங்கே அனுமதி இல்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா தெரியவில்லை. இங்கே கண்ணீர் வழியாது, கண்ணிலேயே உருண்டு நிற்கும்.

4.08

தாதி சொல்கிறது: “செண்பகவடிவு, உங்கள் நாடி சீராக இல்லை. உங்களோடு இருப்பவரை அழையுங்கள்.”

உடன் இருப்பவள் நான்தான். சொன்னால் அதற்குப் புரியாது.

4.10

பட்டைகளை மாற்றிவிட்டேன். அவரவர் பட்டை அவரவர் கையில். அவர் மணிக்கட்டில் என் பட்டையின் வார் அழுத்திய தடம் சிவந்து கிடக்கிறது. சின்னப் பட்டை. எத்தனை நாள் இறுக்கிக் கட்டியிருந்தார்.

4.16

இன்னும் இல்லை. வானொலியில் மணல் அரிக்கிற மாதிரி சத்தம். இரண்டு சொல் வந்தது. ‘மேல்’ என்று ஒன்று. மேலே வையுங்கள் என்றா, மேற்கொண்டு என்றா. இன்னொன்று புரியவில்லை. இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

என் கால் ஆடுகிறது. மிதக்கும்போதுகூட ஆடுகிறது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவர் கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதை வாயால் சொல்லச் சொல்ல இயந்திரம் எழுதுகிறது. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நாடி

நாலு. இல்லை. மூன்று. மறுபடி ஓடுகிறது

அவர் எதையோ சொன்னார். மறை என்றார். குழாய் மறை. அது கிடக்கட்டும் என்றேன்.

4.25. கடைசியாக அனுப்புவது. ஆஸ்பத்திரிக்கும், இதைக் கேட்கிற வேறு எந்த வளையத்துக்கும்.

ஆறாம் வளையத்திலிருந்து செண்பகவடிவு பேசுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். எனக்கு மருந்து வேண்டாம். நோயாளி என் வீட்டுக்காரர் பிரமநாயகம். ஐம்பத்தாறு வயது, எழுபத்தெட்டு கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆறு நாள் ஓடியிருக்கிறார், அதில் நாலைந்து நாள் காய்ச்சலோடு. உதடு நீலம். நாடி தவறுகிறது. பாரத்தில் இறக்கினால் மயங்குகிறார். மிதக்க வைத்தால் விழிக்கிறார். இன்று 4.10க்குப் பிறகு அவர் பெயரில் வருகிற நாடி அவருடையதுதான். அதை நம்பிச் சொல்லலாம்.

விலக்கு, ஓட்டக் கணக்கு, கப்பலில் இடம், எதைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அதெல்லாம் போகட்டும். இங்கே இனி யாரும் ஓட மாட்டோம்.

கேட்பது இரண்டுதான். எனக்கு அளந்த ஊசியை அவருக்குப் போடலாமா, போடலாம் என்றால் எவ்வளவு? அவரை மேலேயே வைத்திருக்கவா, கீழே இறக்கவா?

ஆறு மணிக்குச் சூரியன் மறைத்துவிடும். இது உங்களுக்கு 4.55க்கு வந்து சேரும். ஐந்தரைக்குள் நீங்கள் பேசினால்தான் எனக்குக் கேட்கும். நீளமாகச் சொல்ல வேண்டாம். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.